சுயஸ் வெட்டியதால் கொழும்பு வளர்ந்ததா?

கேள்வி: சுயஸ் கால்வாய் திறந்ததால்தான் கொழும்புத் துறைமுகம் வளர்ந்தது என்று மகளின் பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே கூட்டங்களிலோ "கொழும்பை வளர்த்தது நம் தேயிலை" என்று முழங்குகிறார்கள். நம் முதுகை நாமே தட்டிக்கொள்ளும் பேச்சுத்தானே இது?
— வாசகர், ஹட்டன்

பதில்: அதற்குள் தள்ளுபடி செய்துவிடாதீர்கள். கால்வாய் திறந்தது 1869 நவம்பரில். அன்று ஐரோப்பியத் தபால் கப்பல்கள் வந்து நின்றது கொழும்பில் அல்ல, தெற்குக் கரையிலுள்ள காலித் துறைமுகத்தில். கிழக்கே போகிற கடல்வழிக்கும் காலிதான் கிட்ட. கால்வாய் ஒன்றே காரணம் என்றால் வளர்ந்திருக்க வேண்டியது காலி. ஏன் வளரவில்லை?

காலித் துறையின் வாயில் பாறை என்பார்கள். உண்மைதான். கொழும்பு மட்டும் என்ன வாழ்ந்தது? மறைப்பில்லாத கடல். கப்பல் தள்ளி நிற்கும், சரக்கு வள்ளத்தில் போய் ஏற வேண்டும். தென்மேல் பருவக்காற்று கிளம்பினால் அதுவும் படாத பாடு. இரண்டுமே குறையுள்ள துறைகள். இருந்தும் அரசாங்கம் கொழும்பில் பணத்தைக் கொட்டியதற்குக் காரணம் கரையில் இல்லை, மலையில் இருந்தது: கண்டிச் சீமைக் கோப்பி. அதை இறக்கத்தான் கால்வாய்க்கு இரண்டு வருடம் முன்பே, 1867 இல், கண்டிக்கு ரயில் வந்தது. ரயில் எங்கே முடிகிறதோ அங்கேதானே கப்பலும் காத்திருக்கும்! 1875 இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்குக் கல் நாட்டினார். 1882 அளவில் தபால் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. 1885 இல் சுவர் முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோப்பி இலைத்துரு நோய் தலைகாட்டியதும் அதே 1869 இல்தான். சுவர் எழும்பி முடிவதற்குள் கோப்பி மடிந்துவிட்டது. கோப்பியை நம்பித் தொடங்கிய துறைமுகத்தை வெறிச்சோடாமல் காத்தது தேயிலை. தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867 இல் 19 ஏக்கரில் நட்டது; 1873 இல் லண்டனுக்குப் போனது வெறும் 23 இறாத்தல். பத்தே வருடத்தில், 1883 இல், கொழும்பிலேயே தேயிலை ஏலம் கூடியது. மறுவருடம் உங்கள் ஹட்டனுக்கு ரயில். ஏலம் வந்தால் தரகர், களஞ்சியம், வங்கி, காப்புறுதி எல்லாம் பின்னால் வரும். துறை நகரமாவது அப்படித்தான்.

மேடைக்காரர்களும் கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம். கொழும்பில் நின்ற கப்பல் எல்லாம் தேயிலைக்காக நின்றதல்ல. அவுஸ்திரேலியாவுக்கும் தூர கிழக்குக்கும் போகிற நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற நின்றன. அந்த வரும்படி சுயஸ் தந்தது. அதில் நாம் பங்கு கேட்க முடியாது.

எனக்கு அவர்கள்மேல் உள்ள குறை வேறு. தேயிலைப் பெட்டியைப் பற்றி முழங்குகிறவர்கள் ஆட்களைப் பற்றிப் பேசுவதில்லை. கோப்பி மூட்டைக்கு 1867 இலேயே ரயில் கிடைத்தது. தமிழகத்திலிருந்து வந்து அதைப் பறித்தவர்கள் அதற்குப் பிறகும் பல வருடம் மன்னார்க் கரையில் இறங்கி, ஆள்சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியின் பின்னால் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பின்னாளில் தூத்துக்குடியில் கப்பலேறி அதே கொழும்புத் துறையில் இறங்கினார்கள். தனுஷ்கோடிக் கப்பலும் தலைமன்னார் ரயிலும் ஒன்றுசேர்ந்தது 1914 இல்.