ராஜ்மா சாப்ட்டா வாந்தி வருமா?

கேள்வி: அக்கா, சௌகார்பேட்டைல ராஜ்மா அரை கிலோ வாங்கினேன். நைட்டு ஊறப்போட்டு, காலைல ஒரு கொதி வந்ததும் தெர்மல் குக்கர்ல மூடிட்டு வேலைக்கு கிளம்பிட்டேன், கேஸ் மிச்சமாவுமேன்னு. சாயங்காலம் பாத்தா உள்ள கொஞ்சம் நறுக்குன்னுதான் இருந்துச்சு, சரின்னு மசாலா தாளிச்சி கொட்டி எறக்கிட்டேன். சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல வீட்டுக்காரரும் பையனும் மாத்தி மாத்தி வாந்தி, அப்புறம் பேதி. விடியறதுக்குள்ள சரியாயிடுச்சு. மாமியார் வாயுன்றாங்க, இவர் கடைக்காரன் மருந்தடிச்ச சரக்க தள்ளிட்டான்றார். எது நெஜம்?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ரெண்டுமே இல்லன்னுதான் தோணுதும்மா, கடைக்காரர விட்டுடுங்க. ராஜ்மாலயே லெக்டின்னு ஒரு நச்சு பொறக்கும்போதே இருக்கு, பூச்சி திங்காம இருக்க செடி வெச்சிக்கிட்ட காவல் அது. பச்ச கொட்டைல 20,000 முதல் 70,000 யூனிட் வரைக்கும் இருக்கும், நல்லா வெந்துட்டா 200, 400ன்னு எறங்கிடும். பச்சையா நாலஞ்சு கொட்ட போதும் வாந்தி எடுக்க, ஒண்ணுலருந்து மூணு மணி நேரத்துல ஆரம்பிக்கும், நீங்க சொல்ற கணக்கும் அதான். இதுல வில்லங்கம் என்னன்னா 80 டிகிரி மாதிரி அரைச்சூட்டுல கெடந்தா அந்த நச்சு அழியாது, பச்சைய விட அஞ்சு மடங்கு கூட ஏறலாம், அதனால தெர்மல் குக்கர், ஸ்லோ குக்கர் எல்லாம் அரிசிக்கும் குழம்புக்கும் வெச்சிக்குங்க, ராஜ்மாவுக்கு வேணாம். அஞ்சு மணி நேரமாவது ஊறவெச்சி, அந்த தண்ணிய சிங்க்ல கொட்டிட்டு, புது தண்ணில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விடுங்க, இல்ல நேரா பிரஷர் குக்கர். விசில் எத்தனைன்னு கேக்காதீங்க, ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி, விரல்ல அமுக்குனா மாவா நசுங்கணும், நடுவுல வெள்ளையா கட்டி இருந்தா இன்னும் வேகல. தாளிக்கறதால வேகாதது வெந்துடாது.

கேள்வி: காசிமேட்டு கருவாடு போட்டு மொச்சக்கொட்ட குழம்பு வெக்கறோம் வாராவாரம். அதுலயும் விஷமா?
- ராயபுரம் வாசகர்

பதில்: குழம்ப நிறுத்திடாதீங்க சார், பாவம்! காஞ்ச மொச்சைல சயனைடு உண்டாக்குற பொருள் இருக்கு, ஊறின தண்ணிய கொட்டிட்டு, மூடாம கொதிக்க விட்டா ஆவியோட போயிடும். பாட்டிங்க மொச்சத் தண்ணிய கீழ ஊத்துனது சும்மா இல்ல.

கேள்வி: கேசரி பருப்புன்னா என்ன? கால் வெளங்காம போயிடுமாமே?
- வியாசர்பாடி வாசகி

பதில்: பாக்க துவரம்பருப்பு மாதிரி இருக்கற ஒரு பருப்பும்மா அது. கால் போவும், ஆனா ஒரு வேள சாப்ட்டதுக்கு இல்ல. பஞ்ச காலத்துல மாசக்கணக்கா அதையே முக்கிய சாப்பாடா தின்னவங்களுக்கு வந்த வியாதி, வந்துட்டா திரும்ப சரியாவறது கஷ்டம். இங்க விக்கறதுக்கு 1961லயே தடை வந்துச்சு, அப்பவும் துவரம்பருப்புல, கடலமாவுல கலப்படமா வரும். துவரை உருண்டையா இருக்கும், இது ஒரு பக்கம் சரிஞ்சி கோடாலி முனை மாதிரி இருக்கும். முழுப்பருப்பா வாங்கி முறத்துல பரப்பிப் பாருங்க, மாவா வாங்குனா கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது.