பெங்களூரு சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

ஐயா, மகளை நர்சிங்கில் எங்கே சேர்ப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அவளைப் பற்றி நாலு வரி. மைத்துனர் சொன்னது இரண்டு பக்கம். "நர்சிங்தான் என்றால் பெங்களூரில் பி.எஸ்சி. போடுங்கள், தெரிந்த ஏஜெண்டு இருக்கிறார். டிப்ளமா என்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது?" என்கிறாராம். மாப்பிள்ளை வீடு வரும்போது வரட்டும். அந்த சீட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். ஏஜெண்டிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுக்காதீர்கள். பாதியில் விலகினால் முழுக் கட்டணம் கட்டினால்தான் அது திரும்பி வரும் என்று மடக்குகிற இடங்கள் இருக்கின்றன.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கிடைத்தால் சரி, யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால் உறவினர் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த நர்சிங் பள்ளிகளில் நடக்கும் டிப்ளமா, ஜி.என்.எம். (பொது நர்சிங்கும் பிரசவம் பார்ப்பதும் சேர்ந்த படிப்பு). மூன்று வருடம். நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். கட்டணம், தனியாரோடு பார்த்தால், பேருக்குத்தான்.

முதல் வருடமே உடற்கூறியல், நுண்ணுயிரியல் பாடங்களோடு வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நோயாளியை எழுப்பாமலே ஒரு பக்கமாகப் புரட்டி விரிப்பு மாற்றுவதில் ஆரம்பம். அப்புறம் ஆபரேஷன் தியேட்டர், குழந்தைகள் வார்டு, மனநலப் பிரிவு. பிரசவ வார்டில், தான் பார்த்த ஒவ்வொரு பிரசவத்தையும் கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். பெரியாஸ்பத்திரிக் கூட்டத்தைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அந்தக் கூட்டம்தான் பாடம். கூட்டமில்லாத சின்ன ஆஸ்பத்திரியை நம்பி நடக்கும் கல்லூரியில் அது எங்கே கிடைக்கும்?

முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் நர்ஸ், மிட்வைஃப் என இரண்டுக்கும் பதிவு. அரசு மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) ஸ்டாஃப் நர்ஸ் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர்களோடு சேர்ந்தே எழுதலாம். 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நர்ஸ் தேர்வும் எழுதலாம். குறையும் சொல்லிவிடுகிறேன்: அரசு வேலை பெரும்பாலும் ஒப்பந்த சம்பளத்தில்தான் தொடங்கும், ஆசிரியர் பணிக்கும் வெளிநாட்டில் பல இடங்களுக்கும் பட்டம் கேட்பார்கள். அதற்கு டிப்ளமா முடித்தவர்கள் சேரும் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இருக்கிறது. வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவளே படித்துக்கொள்வாள். ஜி.என்.எம்.மை நிறுத்தப் போகிறார்கள் என்றும் பயமுறுத்துவார்கள்; அந்தப் பேச்சு சில வருடங்களுக்கு முன்பே வந்தது, படிப்பு நின்றுவிடவில்லை.

இன்னொரு முறை நீட் எழுதட்டுமா என்று கேட்கிறீர்கள். அவள் வேண்டாம் என்று சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆச்சி ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது வீட்டில் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட, டிரிப் பாட்டில் தீர்வதற்கு முன்பே போய் சிஸ்டரைக் கூப்பிட்டவள் அவள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நைட் டியூட்டி இருக்கும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பி.எஸ்சி.க்கும் டிப்ளமாவுக்கும் விண்ணப்பம் தனித்தனி. இரண்டையும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் இணையதளத்தில்தான் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதும் சேர்ந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சாதிச் சான்றையும் இருப்பிடச் சான்றையும் இந்த வாரமே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.