வேலையை விட்டு நிறுத்தியதை விண்ணப்பத்தில் மறைக்கலாமா?

சிஸ்டர், பிரிட்டனில் நர்சிங் ஹோம் வேலையிலிருந்து புரொபேஷன் முடியும் முன்பே நிறுத்திவிட்டார்கள், என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசு மருத்துவ சேவை) விண்ணப்பத்தில் அதைக் காட்டாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடாதீர்கள். இங்கே வேலை கொடுக்கும் முன் குறைந்தது கடைசி 3 வருடத்துக்கு ரெஃபரன்ஸ் வாங்குவார்கள், இடைவெளி இருந்தால் காரணம் கேட்பார்கள். உங்கள் விசாவே அந்த நர்சிங் ஹோம் ஸ்பான்சர் செய்ததுதானே, எப்படி மறைப்பீர்கள்? வேலை போனதைப் புரிந்துகொள்வார்கள். மறைத்தது தெரிந்தால் கிடைத்த வேலையும் போகும், விஷயம் நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான என்.எம்.சி. வரை போகலாம்.

வேலை போவது வேறு, பின் நம்பர், அதாவது என்.எம்.சி. தந்த நர்ஸ் பதிவு எண், போவது வேறு. பதிவேட்டிலிருந்து உங்களை நீக்க நிறுவனத்தால் முடியாது. ஆனால் உங்கள் மேல் என்.எம்.சி.யில் விசாரணை ஏதும் இருந்தால், படிவம் கேட்கும் இடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

விலகிய காரணம் கேட்கும் இடத்தில் நீளமாக எழுத வேண்டாம். ‘புரொபேஷன் காலத்தில் பணி முடிக்கப்பட்டது. மருந்து ரவுண்டை நேரத்துக்குள் முடிப்பதில் சிரமம் இருந்தது. நேரில் விளக்கத் தயார்’ என்ற மாதிரி போதும். பணிநீக்கக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

இன்டர்வியூ எடுக்கும் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பழைய மேனேஜரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் உண்மையிலேயே மோசமாக நடத்தியிருக்கலாம், அந்த வலி எனக்குப் புரிகிறது. ஆனால் எதிரே இருப்பவர்களுக்கு நோயாளியின் பாதுகாப்புதான் கவலை. அதனால், ‘30 பேருக்கு ஒரே ஆளாக மருந்து கொடுத்தேன். தாமதமானபோது உதவி கேட்கத் தயங்கினேன். அப்புறம் மருந்துப் பயிற்சியை மறுபடி முடித்தேன். இப்போது தாமதமாகும் என்று தெரிந்த உடனே பொறுப்பு நர்ஸிடம் சொல்லிவிடுவேன்’ என்று, உங்களுக்கு நடந்தது எதுவோ அதைச் சொல்லுங்கள். செய்யாத பயிற்சியைச் செய்ததாகச் சொல்ல வேண்டாம், சான்றிதழ் கேட்பார்கள். அழுகை வந்தால் ஒரு நிமிடம் கேளுங்கள், தருவார்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம். வேலை போனதை நிறுவனம், விசாவைக் கவனிக்கும் அரசுத் துறையான ஹோம் ஆபீசுக்குத் தெரிவித்துவிடும். அங்கிருந்து வரும் கடிதத்தில் பொதுவாக 60 நாள் அவகாசம் இருக்கும். விசா அதற்கு முன்பே முடிவதாக இருந்தால் இன்னும் குறைவு. அதற்குள் புது ஸ்பான்சர் கிடைத்து, விசாவுக்கும் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதனால் வேலை தேடும்போதே, ஸ்பான்சர் செய்வார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.