மணிமாலை கோக்கும் ‘கோட்டட் வயர்’ என்றால் என்ன? அதில் முடிச்சு ஏன் நிற்பதில்லை?

மெல்லிய எஃகு இழைகளை முறுக்கி மேலே நைலான் பூசிய கம்பி. சைக்கிள் பிரேக் கேபிளின் குட்டி வடிவம். 7, 19, 49 இழைகளில் வரும். இழை கூடினால் நன்றாக வளையும். பெங்களூரு மாமூல்பேட்டைக் கடைகளில் வாங்கும்போது இழை எண்ணிக்கையோடு தடிமனையும் சொல்லுங்கள்; 0.38 மி.மீ. பெரும்பாலான மணிகளுக்குப் பொருந்தும்.

நைலான் வழுக்கும், எஃகு நிமிரப் பார்க்கும். அதனால்தான் முடிச்சு அவிழ்கிறது. 18 அங்குல மாலைக்கு 24 அங்குலம் வெட்டுங்கள். நுனியைக் கிரிம்ப் மணி (நசுக்கினால் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் சிறு உலோக மணி), கொக்கி வளையம் வழியே விட்டு, அதே கிரிம்புக்குள் திருப்பிக் குறடால் நசுக்குங்கள். மிச்ச நுனி ஓர் அங்குலம் மணிகளுக்குள் போகட்டும். மறுமுனையை மூடும்போது 2 மி.மீ. தளர்வு கட்டாயம்: இறுக்கினால் மாலை விறைக்கும், கம்பி கிரிம்ப் விளிம்பில் உரசி அங்கேயே அறும்.

தடித்த கம்பிதான் உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். முத்து போன்ற சிறுதுளை மணிக்குள் அது இரண்டாம் முறை நுழையாது.