சில நாடுகள் ஒரு பெண்ணைக்கூடத் தலைவராகத் தெரிவு செய்யாதது ஏன்?

இலங்கை 1960இலேயே சிறிமாவோ பண்டாரநாயக்காவைப் பிரதமராக்கியிருக்க, அமெரிக்கா இன்றுவரை ஒரு பெண்ணைச் சனாதிபதியாகத் தெரிவு செய்யாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வாக்காளரின் மனத்தடையை மட்டும் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் தம் போட்டியாளரைவிட 28 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றும், மொத்த வாக்குகளை அல்லாமல், மாநிலவாரியாகத் தெரிவாகும் தேர்வாளர்களின் வாக்குகளையே கணக்கிடும் முறையினால் தோற்றார். நாடாளுமன்ற முறையிலோ கட்சியின் நம்பிக்கையைப் பெற்றவர் பிரதமராகலாம். மார்கரெட் தாட்சர் 1979இல் அவ்வழியே வந்தார்.

சிறிமாவோ, கணவர் 1959இல் கொல்லப்பட்ட பின்னரே கட்சித் தலைமைக்கு வந்தார். குடும்பத்தின் பெயரால் திறந்த அந்தக் கதவு மற்றப் பெண்களுக்குத் திறக்கவில்லை. 2024 தேர்தலுக்குப் பின்னும் எமது நாடாளுமன்றத்தில் பெண்கள் 10 சதவீதத்தை எட்டவில்லை.

உண்மையான வடிகட்டல் வேட்பாளர் தெரிவிலேயே நடக்கிறது என்பதை வன்னியில் கிட்ட நின்று பார்க்கலாம். போருக்குப் பின் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்கியபடியே, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சுழற்சிக் கடனை ரூபாய் பிசகாமல் கொப்பியில் பதிந்து, தவணை தவறியவர்களின் வீடு தேடிப் போய்ப் பேசும் தலைவிக்கு நிர்வாகத் திறமை இல்லையென்று யார் சொல்வார்? ஆனால், கட்சி வேட்பாளர் பட்டியலை முடிவுசெய்யும் இரவுக் கூட்டத்துக்குப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டு அவரால் போக முடிவதில்லை. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 சதவீத ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்ததும், அதுவரை உள்ளூராட்சி மன்றங்களில் நாடளவில் 2 சதவீதமளவில் கிடந்த பெண்களின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டியது.