கையை எடுத்த இடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், கூரியர் வேலை. பதினைந்து நிமிடத்தில் ஒரு குறும்படம் எடுக்கப்போகிறேன். பத்தொன்பது வயதுப் பையன். தன் மனசு, தன்னோடு ஃபுட்பால் ஆடும் இன்னொரு பையன்மேல் என்று அவனுக்கே மெல்லப் புரிகிறது. இந்த மாதிரிப் படங்களை யூடியூபில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்று, பையன் செத்துப்போகிறான். இல்லாவிட்டால் அம்மாவிடம் சொல்லி அழுகிறான். நானும் அம்மா காட்சியைத்தான் எழுதியிருக்கிறேன். படித்த நண்பர்கள், 'இது அடையாறு கதைடா, நம்ம ஏரியாவுல யார் நம்புவாங்க' என்கிறார்கள். வடசென்னை என்றால் கத்தி மட்டும்தானா? ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

இரண்டு முறை படித்தேன். நண்பர்கள் சொல்வதில் பாதி சும்மா. இப்படிப் பையன்கள் நம் தெருக்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள், நாமும் 'ஒம்போது' என்று கூப்பிட்டுச் சிரித்திருக்கிறோம். தன்பாலீர்ப்பு என்ற நல்ல சொல் இப்போது அரசிதழ் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் உங்கள் பையன் காதில் முதலில் விழுவது அந்தக் கேலிதான்.

மீதிப் பாதி சரி. ஆறாவது காட்சியில் அவன் தன் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறான். எந்த ரூம்? ஹவுசிங் போர்டு வீட்டில் ஐந்து பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே தாழ்ப்பாள் போட்டு அழ பாத்ரூம்தான் உண்டு. இரண்டு நிமிஷம் தாண்டினால் தங்கச்சி தட்டுவாள். அந்தத் தட்டலை எடுங்கள். அழுகையே வேண்டாம்.

அம்மா காட்சியும் எனக்கு ஒட்டவில்லை. உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, 'உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்று நம் வீடுகளில் யார் பேசுகிறார்கள்? காதல் கல்யாணத்தைக்கூடப் பக்கத்து வீட்டு அக்கா வாயால்தானே சொல்லி அனுப்புகிறோம்.

2010இல் பிரேசில்காரர் டேனியல் ரிபெய்ரோ பதினேழு நிமிடத்தில் ஒரு படம் எடுத்தார். 'தனியாகத் திரும்பிப் போக விருப்பமில்லை' என்ற மாதிரி தலைப்பு. கண் தெரியாத பையன், பள்ளியிலிருந்து யாராவது கை கொடுத்துத்தான் கூட்டிப்போக வேண்டும். இத்தனை நாள் தோழியின் கை. வகுப்புக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான். இனி யார் கை? அவ்வளவுதான் கதை. பிறகு அதே நடிகர்களை வைத்து 2014இல் முழுநீளப் படமாகவும் எடுத்தார். எனக்கு என்னவோ சின்னதுதான் பிடித்திருக்கிறது.

ஆனால் அதை அப்படியே காசிமேட்டுக்குத் தூக்கி வர முடியாது. பையனும் பையனும் கை கோர்த்தால் பிரேசிலில் அது ஒரு செய்தி. இங்கே? கழுத்தில் கை போட்டபடி பைக்கில் மூன்று பேர் போவதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நம் ஊரில் தொடுவது ஒன்றுமே இல்லை. எடுப்பதுதான் சம்பவம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். தொண்ணூறுகளில் நானும் ஒரு நண்பனும் எங்கே போனாலும் அவன் கை என் தோளில் இருக்கும். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், எம்.சி. ரோட்டில் துணிக்கடைக் கூட்டம். ரெடிமேட் சட்டைகளைத் தொங்கவிட்டிருந்த கயிற்றுக்குக் கீழே குனிந்து போனோம். நிமிர்ந்தபோது தோளில் கை இல்லை. அதன்பிறகு அவன் போடவே இல்லை. அவனுக்கு நான் ஐந்து ரூபாய் தரவேண்டியிருந்தது, அந்தக் கோபம் என்றுதான் நினைத்தேன். இருபது வருஷம் கழித்து ஒரு டீக்கடையில் அவனாகச் சொன்னான்: 'அன்னிக்கு கை கனமாயிடுச்சு மச்சான், அதான் எடுத்துட்டேன்.'

கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயரைப் போடாதே, ஐந்து ரூபாயைப் போடு என்றான்.

உங்கள் ஸ்கிரிப்டில் இது ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. நாலாவது காட்சியில் மேட்ச் ஜெயித்ததும் எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள், 'அவன் மட்டும் ஷூ லேஸ் கட்டுகிறான்' என்று ஒரு வரி. படமே அந்த வரிதான். அம்மாவிடம் பேசும் மூன்று பக்கத்தை வெட்டிவிட்டு அந்த லேஸுக்கு ஒரு நிமிஷம் கொடுங்கள்.

போலீஸ் மிரட்டும் காட்சி தேவையா என்று யோசியுங்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் திருத்திப் படித்தபோது உங்கள் பையன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். அவன் பயம் சட்டப் புத்தகத்தில் இல்லை, கேரம் போர்டைச் சுற்றி இருக்கிறது.

சாவு வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரி. 'ட்ரெவர்' என்று 1994இல் வந்த அமெரிக்கக் குறும்படத்தில் பையன் சாகத் துணிகிறான், ஆனால் பிழைக்கிறான், படம் முக்கால்வாசி சிரிப்புத்தான். ஆஸ்கரும் வாங்கியது. 1998இல் அதை டிவியில் போடவிருந்தபோது, பார்க்கிற பிள்ளைகள் கூப்பிட ஒரு நம்பர் வேண்டுமே என்று தேடியிருக்கிறார்கள். அப்படி ஒன்று இல்லாததால் ஹெல்ப்லைனை அவர்களே தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். கடைசிக் காட்சியில் காசிமேட்டுக் கடலில் சூரியன் மறைகிறது. நம் பக்கம் அது மறையாது தம்பி, உதிக்கத்தான் செய்யும். விடியற்காலையில் போய் எடுங்கள். மீன் ஏலச் சத்தம் காதைக் கிழிக்கும், வசனம் எதுவும் வைக்காதீர்கள்.

அன்புடன்.