கீழே சிக்கல், மேலே கோளாறு: தையலும் பேக்கிங்கும் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் புலம்பல். புலம்பல் எனக்குப் பிடிக்கும். "எல்லாம் நன்றாக வந்தது, நன்றி" என்று எழுதுகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

கேள்வி: தையல் இயந்திரம் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. துணியின் மேல் பக்கம் தையல் சுமாராக விழுகிறது. திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் குருவிக்கூடு போலச் சுருண்டு கிடக்கிறது. அடி நூல் சுற்றும் சின்ன உருளையான பாபினில் நான்கு முறை நூலை மாற்றிச் சுற்றிவிட்டேன். அதை வைக்கும் கூடான பாபின் கேஸில் உள்ள திருகையும் முடுக்கிப் பார்த்தேன். சரியாகவில்லை. இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். அந்தத் திருகை இனித் தொடவும் வேண்டாம்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு நான்கு அங்குலம் தைத்துவிட்டு, அடியில் இருக்கும் கூட்டின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருக்கும். கூடு இருப்பது கீழே என்றாலும் அதைக் கட்டியது மேல் நூல். நீங்கள் இரண்டு மாதமாக நிரபராதியைப் பிடித்து அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மேல் நூல் வரும் வழியில் இரண்டு சின்னத் தட்டுகள் இருக்கின்றன. நூலை இறுக்கிப் பிடித்து அளவாக விடுவது அவற்றின் வேலை. துணியை அழுத்தும் பாதம் மேலே தூக்கியிருக்கும்போது அந்தத் தட்டுகள் விலகி நிற்கும். பாதத்தை இறக்கினால் ஒட்டிக்கொள்ளும். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் வெளியிலேயே தங்கிவிடும். பிடிப்பு இல்லாத நூல் அடியில் போய்க் கொட்டத்தான் செய்யும். ஆகவே பாதத்தைத் தூக்குங்கள், நூலை முழுதாக உருவிவிட்டு முதலிலிருந்து கோத்து வாருங்கள். மேலும் கீழும் ஆடுகிற நூல் தூக்கியின் துளையில் நூல் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத் தவறவிட்டாலும் இதே கூடுதான். கோத்த பிறகு பாதத்தை இறக்கி, நூலைக் கையால் இழுங்கள். இழுபட மறுத்து ஊசி லேசாக வளைந்தால் சரியாகக் கோத்திருக்கிறீர்கள். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பாதத்துக்குப் பின்னால் இழுத்து, முதல் மூன்று நான்கு தையல் விழும் வரை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

முடுக்கிவிட்ட திருகுக்கும் வழி இருக்கிறது. உங்கள் பாபின் கேஸ் தனியாகக் கழன்று வரும் வகை என்றால், நூல் முனையைப் பிடித்து அதைத் தொங்கவிடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்வு. மணிக்கட்டை லேசாகச் சுண்டும்போது இரண்டு விரற்கடை இறங்கி நின்றால் சரி. சுண்டியும் அசையவில்லை என்றால் நீங்கள் முடுக்கியதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்திப் பாருங்கள்.

என் முதல் இயந்திரம் அம்மாவுடைய கால்மிதி இயந்திரம். அதிலும் நான் கீழேயேதான் தோண்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் மேல் நூலைப் பட்டென்று அறுத்துவிட்டு, "இனிக் கோத்து வா" என்றார். விளக்கம் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. எனக்கு இருக்கிறது, சம்பளமும் அதற்குத்தான்.

கேள்வி: பல வருடங்களாக ஒரே கேக்தான் செய்கிறேன். மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கும் சம எடை. ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. இப்போது மூன்று முறையாக நடுவில் குழி விழுகிறது. பேக்கிங் பவுடரைக் கூட்டிப் பார்த்தேன், குழி பெரிதானது. ஓவன் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம். பின்குறிப்பு: புதிதாக வாங்கிய 15 சென்டிமீட்டர் பாத்திரத்தில் கேக் உயரமாக, பார்க்க அழகாக வருகிறது, ஓரங்கள் மட்டும்.

பின்குறிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய பாத்திரத்தின் அளவை நீங்கள் எழுதவில்லை. 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். அதன் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். புதியதன் பரப்பு 177. ஐந்து சென்டிமீட்டர்தானே குறைந்தது என்று நமக்குத் தோன்றும். பரப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அதே மாவை ஊற்றினால் உயரம் ஒன்றே முக்கால் மடங்கு. ஓரம் வெந்து பொன்னிறமாகும்போது நடுவில் மாவு இன்னும் கூழாகவே இருக்கும். வெளியே எடுத்ததும் அந்தக் கூழ் தன் எடையைத் தாங்காமல் உட்கார்ந்துவிடும்.

பேக்கிங் பவுடரைக் கூட்டியது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதை. அளவு மீறினால் குமிழிகள் பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே உடைந்துவிடும். ஒரு கப் மைதாவுக்கு, அதாவது சுமார் 125 கிராமுக்கு, ஒரு டீஸ்பூன் போதும்.

புதிய பாத்திரத்தை விட மனமில்லை என்றால் மாவைப் பாதியாக்குங்கள், அல்லது இரண்டு தடவையாகச் சுட்டு ஒன்றன்மேல் ஒன்று அடுக்குங்கள். முழு மாவையும் அதிலேயே ஊற்றுவேன் என்று பிடிவாதம் பிடித்தால், 180 டிகிரிக்குப் பதிலாக 160 வைத்து, பொறுமையாக நீண்ட நேரம் சுட வேண்டும். நடுவில் குத்திய குச்சி ஈர மாவு ஒட்டாமல் வரும் வரை எடுக்காதீர்கள். மேற்புறம் இறுகும் வரை கதவைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். நானும் எட்டிப் பார்க்கிற ஜாதிதான், அதனால் ஓவனுக்கு முன்னால் நாற்காலி போடுவதையே விட்டுவிட்டேன்.

ஓவன்மீது உள்ள சந்தேகம் தீர உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். குமிழில் எழுதியிருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற சூடும் ஒன்றாகவே இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

கேள்வி: பேக்கிங் பவுடர் தீர்ந்துவிட்டால் சமையல் சோடா போடலாமா?

அப்படியே அளவுக்கு அளவு போட்டால் கேக் சோப்பு மாதிரி ருசிக்கும். சோடாவின் வீரியம் மூன்று நான்கு மடங்கு. அது வேலை செய்யப் புளிப்பும் வேண்டும். ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குப் பதிலாகக் கால் டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். கலந்த உடனே ஓவனுக்குள் போக வேண்டும். தொலைபேசி வந்தால் எடுக்காதீர்கள்.

பேக்கிங் பவுடர் பிறந்ததே ஒரு வீட்டுத் தேவையால்தான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்து வணிகரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப வேண்டும் என்று 1843இல் பேர்ட் செய்த கலவை அது. முட்டையும் அந்த அம்மாளுக்கு ஆகாது என்பதால் அதற்கு முன்பே முட்டையில்லாத கஸ்டர்டு பவுடரையும் செய்திருந்தார். மனைவியின் வயிற்றைக் கவனித்தே ஒருவர் பெரிய வியாபாரியாகிவிட்டார் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். பத்திரிகையைத் திருப்பிக்கொண்டார்.

கேள்வி: ஜிப் வைக்கத் தெரியாது. தலையணை உறை தைக்க முடியுமா?

தாராளமாக. பின்பக்கம் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் ஜிப் எதற்கு? 40 சென்டிமீட்டர் சதுரத் தலையணைக்குக் கணக்கு இது. துணியை முதலில் துவைத்துக் காயவைத்துத் தேய்த்துவிடுங்கள்; பருத்தி சுருங்கினால் தைத்த பிறகு அழுது பயனில்லை. பிறகு முன்பக்கம் 42க்கு 42 ஒன்று, பின்பக்கம் 42க்கு 29 இரண்டு. சேர்த்து வைத்தால் ஒரு மீட்டர் நீளம், 42 சென்டிமீட்டர் அகலம், துணி மிச்சமே விழாது.

பின்பக்கத் துண்டுகள் ஒவ்வொன்றிலும் 42 சென்டிமீட்டர் நீள ஓரம் ஒன்றை முதலில் 1, பிறகு 2 சென்டிமீட்டர் மடித்துத் தையுங்கள். முன்பக்கத் துண்டின் நல்ல பக்கம் மேலே பார்க்க விரித்து, அதன்மேல் பின்பக்கத் துண்டுகளைக் கவிழ்த்து வையுங்கள். மடித்த ஓரங்கள் நடுவில் 10 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்து, மூலைகளைத் தையலில் படாமல் சாய்வாகக் கத்தரித்து, திருப்பிவிட்டால் முடிந்தது. துண்டுகள் ஏறி நிற்கும் இடத்தின் இரண்டு முனைகளிலும் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓட்டுங்கள். குழந்தைகள் கையை விட்டு இழுப்பது அங்கேதான்.

கேள்வி: துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டலாமா?

என் வீட்டில் வெட்டிப் பாருங்கள்.

கேள்வி: எட்டு வயது மகளும் நானும் சேர்ந்து அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் சுடப்போகிறோம். கூடவே சூடான தட்டைப் பிடிக்க ஒரு கைத்துணியும் தைத்துக் கொடுக்க ஆசை. பழைய ஜீன்ஸ், பழைய துண்டு இருக்கின்றன. எனக்குத் தையல் சுத்தமாகத் தெரியாது. முடியுமா?

அப்பா எழுதிய கடிதம். முடியும். கையுறை மட்டும் வேண்டாம். கட்டைவிரல் வளைவு புதியவர்களை அழவைக்கும். 20 சென்டிமீட்டர் சதுரத்தில் பிடிதுணி தையுங்கள். வெளியே இரண்டு பக்கமும் ஜீன்ஸ், உள்ளே துண்டு மூன்று மடிப்பு. எல்லாமே முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் சூட்டில் இளகும், ஜீன்ஸிலும் நீண்டு கொடுக்கிற வகை வேண்டாம்.

உள்துண்டை எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் சிறிதாக வெட்டுங்கள். ஓரத்தில் கனம் சேராது. இயந்திரத்தில் 100/16 ஊசி மாட்டுங்கள். 100 என்பது ஊசியின் தடிமன், ஒரு மில்லிமீட்டர். சாதாரணப் பருத்திக்குப் போடும் 80/12 ஊசி இந்தக் கனத்தில் ஒடியும். கனமான இடம் வந்தால் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அந்தச் சக்கரத்தை மகள் சுற்றட்டும், உங்கள் விரல் ஊசிக்குத் தூரமாக இருக்கட்டும்.

அம்மாவிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்லுங்கள்: ஈரமாக இருக்கும்போது இதால் சூடான தட்டைத் தொடக்கூடாது. ஈரத் துணியில் சூடு நொடியில் ஏறிவிடும். கேக்குக்கு எந்தப் பாத்திரம் என்று நீங்கள் எழுதவில்லை. 15 சென்டிமீட்டர் என்றால் மேலே போய் இரண்டாவது பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.